கேட்கத் தயங்காத உம்மு ஸுலைம் (ரலி) அம்மையார்

ஒளுச் செய்யும் முறையை நம் பிள்ளைகளுக்குக் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுக்கிறோம். தொழுகையின் நிலைகளையும் பக்கத்தில் நின்று திருத்துகிறோம். ஆனால் கடமையான குளிப்பு என்ற பேச்சு வந்துவிட்டால் நம் நாவு ஒட்டிக் கொள்கிறது. தாய் சொல்லிக் கொடுப்பாள் என்று தகப்பன் இருந்துவிடுகிறார். குர்ஆன் ஓதிக் கொடுக்கும் அம்மா சொல்லுவார் என்று தாய் இருந்துவிடுகிறாள். யாரும் சொல்லாமலே பிள்ளை வளர்ந்து விடுகிறது. பெருந்தொடக்கு நீங்காமல் தொழுத தொழுகை நிறைவேறாது என்பதை அறிந்த நாமே இப்படி வாளாவிருக்கிறோம். இதை எண்ணும்போதெல்லாம் மதீனத்துப் பெண்மணி ஒருவரின் நினைவு நமக்கு வருகிறது.

அவர்கள்தாம் உம்மு ஸுலைம் (ரலி) அம்மையார். கஸ்ரஜ் கோத்திரத்துப் பனூ நஜ்ஜார் கிளையைச் சேர்ந்த மில்ஹானின் மகளார். ருமைஸா என்றும் அவர்களைக் குறிப்பிடுவதுண்டு. இஸ்லாத்தின் ஒளி மதீனாவை எட்டிய தொடக்கத்திலேயே ஈமான் கொண்டார்கள். கணவர் மாலிக்குக்கு இது பிடிக்கவில்லை. அம்மையாரோ மழலை மகன் அனஸுக்குக் கலிமாவைச் சொல்லிப் பழக்கினார்கள். கோபங்கொண்ட மாலிக் வீட்டைவிட்டு ஷாம் தேசம் சென்று அங்கேயே மாண்டார்.

பின்னர் அபூதல்ஹா அம்மையாரைப் பெண் கேட்டு வந்தார். பேரீச்சந் தோட்டங்கள் உடைய செல்வர். ஆயினும் அப்போது சிலைகளை வணங்கி வந்தார். அவரது செல்வம் தமக்கு வேண்டாம், அவர் இஸ்லாத்தைத் தழுவுவதே தமக்கு மஹர் என்று அம்மையார் கூறிவிட்டார்கள். அவரும் இஸ்லாத்தில் இணைந்தார். அதைவிட மேலான மஹரைக் கேள்விப்பட்டதில்லை என்று அக்காலத்தவரே வியந்தார்கள். சீர்வரிசைப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகும் நம் இல்லங்களில் இதையும் ஒருமுறை பேசலாம்.

கி.பி. 622-இல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்து சேர்ந்தபோது அனஸ் (ரலி) அவர்களுக்கு வயது சுமார் 10. அம்மையார் அவரை அழைத்துச் சென்று, பணிவிடைக்கு ஏற்றுக்கொள்ளுமாறு நபிகளாரிடம் ஒப்படைத்தார்கள். 10 ஆண்டுகள் அவர் அந்தப் பணியில் இருந்தார். இதனால் நபிகளாரின் இல்லத்தோடு இந்தக் குடும்பத்திற்கு நெருங்கிய தொடர்பு ஏற்பட்டது.

ஒருநாள் அம்மையார் நபிகளாரிடம் வந்து, சத்தியத்தைக் கூறுவதில் அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்பதை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டு, தம் ஐயத்தை வெளியிட்டார்கள். உறக்கத்தில் ஆண்களுக்கு நேர்வது போன்ற நிலை ஒரு பெண்ணுக்கும் நேர்ந்தால் அவள் மீது குளிப்பு கடமையாகுமா என்பதே அது. ஈரத்தைக் கண்டால் கடமையாகும் என்று நபிகளார் விடையளித்தார்கள். கனவு மட்டும் கண்டு, விழித்தபின் ஈரம் எதுவும் காணாவிட்டால் குளிப்பு கடமையில்லை என்பதும் இதிலிருந்தே விளங்குகிறது.

அங்கிருந்த அன்னை உம்மு ஸலமா (ரலி) நாணத்தால் முகத்தை மறைத்துக் கொண்டார்கள். பெண்ணுக்கும் இப்படி உண்டா என்று வியந்து கேட்டார்கள். இல்லையென்றால் குழந்தை தாயின் சாயலில் எப்படிப் பிறக்கும் என்று நபிகளார் விளக்கினார்கள். மற்றோர் அறிவிப்பில், பெண்களை வெட்கத்திற்கு ஆளாக்கிவிட்டீர்களே என்று அன்னை ஆயிஷா (ரலி) அம்மையாரைக் கடிந்ததாகவும், நபிகளார் அம்மையாரின் பக்கமே பேசியதாகவும் வருகிறது. மார்க்கத்தை விளங்கிக்கொள்ள நாணம் தங்களுக்குத் தடையாக இருக்க அன்சாரிப் பெண்கள் விடவில்லை என்று பாராட்டியதும் அதே அன்னை ஆயிஷா அவர்கள்தாம்!

முகத்தை மறைத்துக்கொண்ட அன்னை உம்மு ஸலமா அவர்களும் மற்றொரு சமயம் கேள்வி கேட்டார்கள். தாம் கூந்தலை இறுகப் பின்னுவதாகவும், கடமையான குளிப்புக்காக அதை அவிழ்க்க வேண்டுமா என்றும் வினவினார்கள். அவிழ்க்க வேண்டியதில்லை, தலையில் மூன்று முறை நீரை அள்ளி ஊற்றி, பிறகு மேனியெங்கும் நீர் ஊற்றினால் போதும் என்பது நபிகளாரின் விடை. பின்னலின் உள்ளே நீர் சேராவிட்டால் அவிழ்த்தாக வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் விளக்கம். பெண்ணுக்கு முடியின் அடியில் நீர் சேர்ந்தால் போதும் என்கிறது ஹனபி மத்ஹபு. நிய்யத்தும் உடல் முழுவதும் நீர் சேர்வதும் ஷாபிஈகளிடம் பர்ளு. ஹனபிகளிடம் நிய்யத் சுன்னத்து. வாய் கொப்பளிப்பதும் மூக்கினுள் நீர் செலுத்துவதும் மேனி முழுவதும் கழுவுவதும் பர்ளு. மருதாணிச் சிவப்பு குளிப்பைத் தடுக்காது. நகத்தின் மேல் படியும் நகப்பூச்சு தடுக்கும். சுரண்டி எடுத்துவிட்டே குளிக்க வேண்டும். இதை அறியாத பெண்கள் இன்றும் இருப்பதால் சொல்லி வைக்கிறோம்.

அம்மையாரின் வாழ்வில் மறக்கவொண்ணாத ஓர் இரவும் உண்டு. அபூதல்ஹா (ரலி) வெளியே சென்றிருந்தபோது நோயுற்றிருந்த அவர்களின் ஆண் குழந்தை இறந்துவிட்டது. அம்மையார் குழந்தையை வீட்டின் ஒரு புறத்தில் கிடத்திவிட்டு, களைத்து வந்த கணவர் விசாரித்தபோது, பிள்ளை அமைதியாகிவிட்டான் என்று மட்டும் கூறினார்கள். உணவு பரிமாறினார்கள். அவரும் மனைவியுடன் நிம்மதியாக இரவைக் கழித்து, விடிந்ததும் குளித்து வெளியே புறப்பட்டார். அப்போதுதான் அம்மையார் செய்தியைச் சொன்னார்கள். ஒரு தாயின் நெஞ்சு அந்த இரவை எப்படித் தாங்கியதோ! அபூதல்ஹா நபிகளாருடன் தொழுதுவிட்டு நடந்ததைக் கூற, அந்த இரவில் அவ்விருவருக்கும் பரக்கத்து உண்டாக நபிகளார் ஆதரவு கூறினார்கள். பின்னர் அப்துல்லாஹ் பிறந்தார். அவருடைய மக்களில் ஒன்பது பேர் குர்ஆன் ஓதியவர்களாக விளங்கியதை அன்சாரி ஒருவர் கண்டு கூறியிருக்கிறார்.

ஹிஜ்ரி 8-இல் (கி.பி. 630) ஹுனைன் போருக்கு அம்மையார் இடையில் குத்துவாளோடு சென்றார்கள். அதைப் பற்றி நபிகளார் வினவியபோது, நெருங்கிவரும் எதிரியைக் குத்தவே வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நபிகளார் சிரித்துவிட்டார்கள்.

மகன் அனஸ் (ரலி) நீண்ட காலம் வாழ்ந்து பஸராவில் மறைந்தார்கள். தம் தாயார் கேட்ட அந்தக் குளிப்புக் கேள்வியை அவர்களும் அறிவித்திருக்கிறார்கள். அன்று முகத்தை மறைத்துக்கொண்ட அன்னை உம்மு ஸலமா அவர்களும் அந்நிகழ்ச்சியைத் தம் மகள் ஸைனபுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அந்த மகளின் வாயிலாகவே அது வந்திருக்கிறது.