பரிதிமாற் கலைஞர்

மாண்டோரை நினைந்து இரங்குதல் தமிழ் மக்கட்குப் புதிய வழக்கன்று. தலைவனை இழந்தார் பாடும் பாட்டினைக் கையறுநிலை எனப் பெயரிட்டுப் பண்டை இலக்கண நூலார் ஒரு துறையாகவே வகுத்தனர். பிற்காலத்தே அப்பணி செய்தித்தாள்களின் இரங்கற் குறிப்புக்களைச் சார்ந்தது. பிறந்த ஊர், வகித்த பதவி, மறைந்த நாள், வயது என்னும் இவற்றை அவை சில வரிகளிற் கூறி அமைவன. ஆயின், வயதை எண்ணி ஒருவரது வாழ்வை அளந்துவிடல் ஆகுமோ? சென்னை மாநகரில் வாழ்ந்து மறைந்த அறிஞருள், 33 ஆண்டே வாழ்ந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரை நினையுந்தோறும் இவ்வினா நம் உள்ளத்தெழுகின்றது.

இவர் மதுரையை அடுத்த விளாச்சேரி என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள், கோவிந்த சிவனாருக்கும் இலட்சுமி அம்மையாருக்கும் மைந்தராகப் பிறந்தார். தந்தையாரிடம் வடமொழியும், மதுரைச் சபாபதி முதலியாரிடம் தமிழும் கற்றார். பின்னர்ச் சென்னை அடைந்து, கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்து, 1892ஆம் ஆண்டில் பி. ஏ. பட்டம் பெற்றார், தமிழிலும் தத்துவத்திலும் பல்கலைக்கழகத்தில் முதன்மை எய்தினார்.

அக்காலை அக்கல்லூரியின் முதல்வராய் விளங்கியவர் ஸ்காத்லாந்து நாட்டினரான வில்லியம் மில்லர் துரைமகனார். அவர் தம் அன்பிற்குரிய மாணவர்க்குத் தத்துவ ஆசிரியர் பதவியைத் தர முன்வந்தார். சாஸ்திரியாரோ தமிழாசிரியர் பதவியையே வேண்டி, 1893இல் அதனை ஏற்றார். தமிழ்ப் பண்டிதர்க்கு ஊதியமும் குறைவு, மதிப்பும் குறைவு என்றிருந்த காலம் அது. ஆங்கிலக் கல்வியின் உச்சியை எட்டிய இளைஞர் ஒருவர், வலிய வந்த பதவியை ஒதுக்கித் தாய்மொழியின் தாழ்ந்த இருக்கையை நாடிச் சென்றமை பலர்க்கும் வியப்பாயிருந்திருக்கும். அவ்விருக்கை தாழ்ந்ததன்று என்பதை அவர் தம் உழைப்பாற் காட்டினார்.

அதற்கு அவருக்குக் கிடைத்தவை பத்தே ஆண்டுகள். அவற்றுள் ரூபாவதி, கலாவதி என்னும் நாடகங்களையும், களவழி நாற்பதின் வரலாற்றைத் தழுவி மானவிசயத்தையும் இயற்றினார். தமிழிற் பழைய நாடக நூல்கள் மறைந்தொழிந்த குறையை நிரப்ப நாடகவியல் செய்தார். நண்பர் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு கூடி 1897இல் ஞானபோதினி என்னும் திங்களிதழைத் தொடங்கினார். தமிழார்வம் மிக்க மாணாக்கரைத் தம் இல்லத்திற்கும் அழைத்துப் பொருள் பெறாது பாடஞ் சொன்னார்.

ஆங்கிலத்துச் சானெட் என்னும் பதினான்கடிச் செய்யுள் முறையைத் தமிழிற் புகுத்தி அவர் பாடிய தனிப்பாசுரத்தொகையைப் பற்றிய செய்தியொன்று நம் கருத்திற்குரியது. ஆக்கியோன் பெயரை நோக்காது, பாட்டையே நோக்கிப் புலவர் தீர்ப்பளித்தல் வேண்டும் என்று கருதி, அதனைப் புனைபெயரால் வெளியிட்டார். சூரியன் பரிதியாகவும், நாராயணன் மாலாகவும், சாஸ்திரி கலைஞராகவும் மாறிப் பரிதிமாற் கலைஞர் என்னும் அப்பெயர் அமைந்தது. போப்பையர் அப்பாசுரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தம்மை மறைத்தற்கு அவர் பூண்ட பெயரே இன்று அவரை நமக்குக் காட்டும் பெயராயிற்று.

1902ஆம் ஆண்டளவில், பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று தமிழ் முதலிய தாய்மொழிகளை நீக்கும் எண்ணம் எழுந்தபோது, அவரும் பூரணலிங்கம் பிள்ளையும் அறிஞர் பலரைக் கண்டு முறையிட்டு அதனைத் தடுக்க முயன்றனர். அம்முயற்சி வெற்றி பெற்றது. இன்று தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பயிலும் நாம் அக்கடனை மறத்தல் தகாது.

ஓயாத உழைப்பிடையே என்புருக்கி நோய் அவரைப் பற்றியது. தமிழ்மொழியின் வரலாறு என்னும் அவரது அரிய நூல் வெளிவந்த 1903ஆம் ஆண்டிலேயே, நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். தம்மினும் 32 ஆண்டு இளையவரான மாணவரை இழந்து மில்லர் பெரிதும் வருந்தினார். தமிழ் உயர்தனிச் செம்மொழி என அந்நூலில் அவர் நிறுவிய கருத்தினை 2004ஆம் ஆண்டில் இந்திய அரசு ஏற்றுத் தமிழைச் செம்மொழியென அறிவித்தது. இடையிற் கழிந்தன 101 ஆண்டுகள்.

தாலந்துகளைப் பெற்ற ஊழியக்காரரின் கதையை நாம் அறிவோம். தலைவன் திரும்பி வந்து கணக்குக் கேட்டபோது, எத்துணை நாள் வைத்திருந்தாய் என வினவினானல்லன்; கொண்டு என்ன செய்தாய் என்பதையே வினவினான். இரங்கற் குறிப்பு வயதைச் சொல்லி நின்றுவிடும். கணக்கோ அதனொடு முடிவதன்று. அப்பெரியார் தம் பணியைத் தேர்ந்துகொண்ட வயதை அணுகும் மாணவராகிய நாம், நமக்குரிய கணக்கை இன்றே எண்ணத் தொடங்குவோமாக.