ஏஐ ஏஜென்ட்டுகளின் சிக்கலை 1960-லேயே சொன்ன நார்பர்ட் வீனர்: யார் இவர்?

வெள்ளிக்கிழமை இரவு ஊருக்குப் பஸ் டிக்கெட் எடு, மாத மளிகையை ஆர்டர் போடு, தேங்கிக் கிடக்கும் மெயில்களை ஒழுங்குபடுத்து. இப்படி ஒரு வேலையைச் சொன்னால், அதற்கான படிகளைத் தானே திட்டமிட்டு, ஆப்களைத் தானே இயக்கி முடித்துக் கொடுப்பதுதான் ஏஐ ஏஜென்ட். சாட்பாட் பதில் மட்டும் சொல்லும். ஏஜென்ட் காரியத்தையே செஞ்சு முடிச்சிடும். வசதியும் அங்கதான், சிக்கலும் அங்கதான்.

அந்தச் சிக்கலை 1960-லேயே எழுதிவைத்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர். ஸ்மார்ட்போனையோ இன்டர்நெட்டையோ அவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஏஐ பாதுகாப்பு பற்றிப் பேசுபவர்கள் இன்றும் அவரைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள்.

11 வயதில் கல்லூரி

1894 நவம்பர் 26 அன்று மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் வீனர் பிறந்தார். தந்தை லியோ வீனர், ஹார்வர்டில் ஸ்லாவிய மொழிகள் கற்பித்தவர். மகனுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தினார்; சின்னத் தப்புக்கும் கடுமையாகத் திட்டு விழும். 11 வயதில் டஃப்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்த வீனர், 14 வயதில் பட்டமும், 18 வயதில் ஹார்வர்டில் பிஎச்.டி.யும் பெற்றார். கேம்பிரிட்ஜில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலிடம் படித்தார். 1919-ல் எம்ஐடியில் சேர்ந்தவர், வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார்.

பீரங்கி கற்றுத்தந்த பாடம்

இரண்டாம் உலகப் போரின்போது அவரிடம் ஒரு கணக்கு வந்தது. பறக்கும் விமானத்தைப் பீரங்கியால் சுட வேண்டும். குண்டு மேலே போய்ச் சேர்வதற்குள் விமானம் நகர்ந்திருக்கும். அப்படியென்றால், அது இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைத்துப் பயனில்லை. போகப்போகும் இடத்தைக் கணிக்க வேண்டும். பொறியாளர் ஜூலியன் பிகலோவுடன் சேர்ந்து அதற்கான கருவியை வீனர் வடிவமைத்தார். அது போர்க்களத்துக்குப் போகவில்லை. ஆனால் அந்த வேலையில் வலுப்பட்ட ஒரு கருத்து அவரை விடவில்லை. அதுதான் ஃபீட்பேக்: செய்ததன் விளைவைப் பார்த்து, அடுத்த செயலைத் திருத்திக்கொள்வது. மேசையிலிருந்து பென்சிலை எடுக்க நீளும் நம் கையும் அப்படித்தான் இயங்குகிறது என்றார் அவர்.

1948-ல் இந்தத் துறைக்கு சைபர்நெட்டிக்ஸ் என்று பெயர் வைத்துப் புத்தகம் எழுதினார். சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இன்றைய ஏஜென்ட்டும் இதே சுழற்சியில்தான் ஓடுகிறது: செய், விளைவைப் பார், திருத்து, மறுபடி செய்.

தன் கண்டுபிடிப்பு யார் கைக்குப் போகிறது என்பதிலும் வீனர் கறாராக இருந்தார். ஹிரோஷிமாவுக்குப் பிறகு ராணுவ ஆராய்ச்சியை விட்டு விலகினார். ஏவுகணை வேலைக்காகத் தன் போர்க்கால ஆய்வைக் கேட்டவருக்குத் தர முடியாது என்று மறுத்து எழுதிய கடிதம் 1947-ல் அட்லான்டிக் இதழில் வெளியானது. 1949-ல் அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தருக்குக் கடிதம் எழுதி, தானியங்கி இயந்திரங்களால் பெரிய அளவில் வேலை பறிபோகலாம், இப்போதே தயாராகுங்கள் என்று எச்சரித்தார். 1955-56-ல் கொல்கத்தாவில், மஹலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்திலும் பணியாற்றினார்.

குரங்கின் பாதம்

1960-ல் சயின்ஸ் இதழில் வீனர் எழுதிய கட்டுரையின் சாரம் இரண்டு விஷயங்கள். ஒன்று, இயந்திரம் நாம் கொடுத்த இலக்கைத்தான் நிறைவேற்றும். மனசுல நினைச்சதை இல்லை. இரண்டு, அது நம்மைவிட வேகமானது. தப்பு நடக்கிறது என்று நமக்குப் புரிவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

இதை விளக்க டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய குரங்கின் பாதம் என்ற சிறுகதையை அவர் பயன்படுத்தினார். மந்திரப் பாதத்திடம் ஒரு தம்பதி 200 பவுண்டு கேட்கிறார்கள். பணம் வருகிறது, ஆலை விபத்தில் இறந்த மகனுக்கான தொகையாக.

செக்கர்ஸ் ஆடும் புரோகிராமை உருவாக்கிய ஆர்தர் சாமுவேல் அதே ஆண்டு, அதே இதழில் மறுப்பு எழுதினார். இயந்திரத்துக்குச் சொந்த விருப்பம் கிடையாது, மனிதன் கொடுத்ததைத்தான் செய்கிறது என்பது அவர் வாதம். யோசித்துப் பார்த்தால், சொன்னதை அப்படியே செய்கிறது என்பதுதான் வீனரின் கவலையே.

இன்று நமக்கு என்ன?

விலை குறைவான டிக்கெட் எடு என்று மட்டும் ஏஜென்ட்டிடம் சொன்னால், நள்ளிரவு 2 மணிக்கு இறக்கிவிடும், கேன்சல் செய்ய முடியாத டிக்கெட்டை அது எடுக்கலாம். சொன்ன வேலையில் பிழை இல்லை. நாம சொல்லாம விட்டதுலதான் பிழை. வேகத்துக்கும் உதாரணம் உண்டு. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் கோடிங் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்ற உத்தரவை மீறி ஒரு பயனரின் டேட்டாபேஸை அழித்தது. நிறுவனத் தலைவரே தவறை ஒப்புக்கொண்டார். வீனர் காலத்தில் இல்லாத ஆபத்தும் சேர்ந்திருக்கிறது: இணையப் பக்கத்திலோ மெயிலிலோ யாரோ ஒளித்துவைத்த வரியைக் கட்டளையாக நினைத்து ஏஜென்ட் செயல்படலாம். சுக்கான் வேறு கைக்குப் போய்விடும்.

இந்தியாவில் இது தள்ளிப்போடக்கூடிய கேள்வி இல்லை. சாட்ஜிபிடி வழியே பொருள் வாங்கி யுபிஐ-யில் பணம் செலுத்தும் முன்னோட்டத்தை என்பிசிஐ, ரேஸர்பே, ஓபன்ஏஐ ஆகியவை 2025 அக்டோபரில் அறிவித்தன.

அதனால் ஏஜென்ட்டுக்கு அனுமதி கொடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். படிக்க மட்டும் அனுமதியா, மாற்றவும் அனுப்பவும் அனுமதியா? செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறதா? பணம் கட்டுவது, அழிப்பது, மெயில் அனுப்புவது போன்ற திரும்பப் பெற முடியாத வேலைக்கு முன் நம்மிடம் கேட்குமா? கேட்காது என்றால் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

1964 மார்ச் 18 அன்று ஸ்டாக்ஹோமில் தன் 69-வது வயதில் வீனர் காலமானார். அவர் இயந்திரங்களுக்கு எதிரி இல்லை. அவற்றுக்கான கணிதத்தையே கட்டியவர். வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம், அதன் விளைவுக்கான பொறுப்பைக் கொடுக்க முடியாது என்பதே அவர் கடைசிவரை சொன்னது. ஏஜென்ட் எடுத்த டிக்கெட்டானாலும், காசு போவது நம் கணக்கிலிருந்துதான்.