இராணி மங்கம்மாள்

நாடாளும் குடியிற் பிறந்தோரும் புகுந்தோரும் பலர். அக்குடி மாய்ந்த பின்னரும் மக்கள் நாவில் வாழ்வோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் மதுரை நாயக்கர் குடியில் மருமகளாகப் புகுந்து, அரசியாக நின்று, பாட்டியாக நாடாண்ட மங்கம்மாள். தேனியும் கம்பமும் அடங்கிய நம் பள்ளத்தாக்கிற்கு அவ்வரசு அயலானதன்று. நாயக்கர் வகுத்த பாளைய ஆட்சியின் சுவடுகளைப் போடிநாயக்கனூரிலும் கண்டமனூரிலும் நாம் இன்றும் கேட்கலாம், காணலாம். நெடுஞ்சாலையோரத்தில் முதிர்ந்த மரமொன்றைக் கண்டால் இவ்வரசியின் பெயரைச் சொல்லும் முதியோர் மதுரை நாடெங்கும் உளர்.

விசுவநாத நாயக்கர் பதினாறாம் நூற்றாண்டில் நிறுவிய அவ்வரசு, 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்திற் புகழின் உச்சியை எய்தியது. அவர்தம் பேரர் சொக்கநாத நாயக்கரின் மனைவியே மங்கம்மாள். படைத்தலைவர் ஒருவரின் மகளாகிய அவர் அரண்மனையின் செல்வத்தினும் அதன் துன்பத்தையே மிகுதியாகக் கண்டார். சொக்கநாதர் தஞ்சையை வென்று இழந்தார். மைசூர்ப் படை மதுரை நாட்டின் பெரும்பகுதியைக் கைப்பற்றிற்று. 1682-ஆம் ஆண்டில் அவர் மனமுடைந்து இறந்தபோது, உடன்கட்டை ஏறும் வழக்கத்திற்கு இணங்காது, இளம் மகனைக் காக்கும் கடமையையே மங்கம்மாள் மேற்கொண்டார்.

மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் துணிவு மிக்க இளைஞர். முகலாயப் பேரரசரின் பாதுகையை வணங்குமாறு வந்த தூதரை அவர் அவமதித்து அனுப்பினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அவ்வீரரும் 1689-இல் வைசூரி நோயால் மாண்டார். அப்போது கருவுற்றிருந்த அவர் மனைவியும் ஆண்மகவொன்றை ஈன்றபின் சின்னாட்களில் உயிர் நீத்தார். கணவனையும் மகனையும் மருமகளையும் இழந்த அம்மூதாட்டியின் மடியில் எஞ்சியிருந்தவை இரண்டே: ஒன்று கைக்குழந்தை, மற்றொன்று பகைவர் சூழ்ந்த நாடு. குழந்தை விசயரங்க சொக்கநாதனுக்கு முடிசூட்டி, அவன் பெயரால் தாம் ஆளத் தொடங்கினார்.

மகன் வீரத்தாற் செய்ய முயன்றதைத் தாய் மதியினாற் செய்தார். செஞ்சிக் கோட்டையை முகலாயர் முற்றுகையிட்டிருந்த காலம் அது. அப்பெரும்படையோடு பொருதால் நாடு பாழாகும் என்று தெளிந்து, திறைப்பொருள் செலுத்தி அமைதி தேடினார். இதனைக் கோழைமை என்பார் உளராயின், அவர் உழவனது வயலை நினையாதவரே ஆவர். போர் வேண்டியவிடத்து அவர் தயங்கினாருமல்லர். திறை மறுத்த திருவிதாங்கூரின்மேல் 1697-இல் தளவாய் நரசப்பையரை ஏவி வெற்றி கொண்டார். 1700-இல் தஞ்சை மராட்டியரோடும் போர் மூண்டு பின் அமைதி ஏற்பட்டது.

நீரின் அருமையை முல்லைப் பெரியாற்றால் அறிந்த நமக்கு இன்னொரு செய்தி இனிக்கும். மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியை அணையிட்டுத் தடுத்தார். திருச்சிராப்பள்ளியும் தஞ்சையும் ஒருங்கே வாடின. நேற்றுவரை பகைத்த இரு நாடுகளும் அணையை உடைக்கக் கை கோத்தன. ஆனால் படை செல்லுமுன்னரே பெருமழை பெய்து வெள்ளம் அவ்வணையைத் தகர்த்தது. எனினும், குடிகளின் பயிருக்காகப் பழம்பகையை மறந்த பெருமை அரசிக்கு உரியதே. 1702-இல் இராமநாதபுரம் கிழவன் சேதுபதியோடு தொடுத்த போரோ தோல்வியில் முடிந்தது, நரசப்பையரும் மாண்டார்.

சமயப் பொறையில் அவ்வம்மையார் தம் காலத்தினும் முந்தி நின்றார். மீனாட்சியம்மை திருக்கோயிலிடத்துப் பேரன்பு பூண்ட அவர் பிற சமயத்தாரையும் காத்தார். அருளானந்தர் எனப்படும் ஜான் டி பிரிட்டோ 1693-இல் ஓரியூரிற் கொல்லப்பட்டது சேதுபதியின் நாட்டில். அந்நாட்களிலேயே புஷே பாதிரியார் மங்கம்மாளின் தலைநகராகிய திருச்சிராப்பள்ளியில் தளவாயால் மதிப்புடன் வரவேற்கப்பட்டார். அவர் கொணர்ந்த காணிக்கைகளுள் நாடுகளின் பெயர்கள் தமிழில் எழுதப்பெற்ற உலக உருண்டையும் ஒன்று.

இனி அவர்தம் அறங்கள். ஊஞ்சலில் இருந்தபோது அறியாது இடக்கையால் தாம்பூலம் ஏற்றதற்குக் கழுவாயாகவே அவர் அறம் தொடங்கினார் என்பர். காரணம் யாதாயினும், வழிப்போக்கனுக்குச் சாலையும், சாலைக்கு நிழலும், நிழலில் தண்ணீரும், இரவில் தங்கச் சத்திரமும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரேயுள்ள சத்திரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் முடிவு இருளடைந்தது. பேரன் வளர்ந்த பின்னும் ஆட்சியை ஒப்படைக்கத் தாழ்த்தார் என்றும், அதனாற் சிறையிலிடப்பட்டுப் பசியால் மடிந்தார் என்றும் செவிவழிச் செய்தி கூறும். உரோமாபுரியை ஆண்ட கிளாடியர் குடியில் அகிரிப்பினா என்னும் அரசி, தன் மகன் நீரோவை அரியணை ஏற்றி, கி.பி. 59-இல் அம்மகன் ஏவலாலேயே கொலையுண்டாள். ஆளுங்குடிகளின் வரலாறு எந்நாட்டிலும் இத்தகைய கண்ணீர் உடைத்து. ஆயினும் இருவரும் ஒரு நிகரல்லர். உரோமர் அகிரிப்பினாவின் சூழ்ச்சியை நினைந்தனர்; தமிழர் மங்கம்மாளின் நிழலை நினைக்கின்றனர். பிறர் பொருட்டு ஏற்ற பொறுப்பை உரிய காலத்தில் விடுவதும் ஓர் அறமே. அதில் அவர் வழுவினார் என்பது மெய்யாயின், அவ்வழு சிறிதன்று. அதனை மறைத்தல் வரலாறாகாது.

1706-இல் ஆட்சி பேரனிடம் சென்றது. அவன் கோயிற் கொடைகளிற் சிறந்தானேயன்றி ஆட்சியிற் சிறந்தானல்லன். அவனுக்குப் பின் வந்த இராணி மீனாட்சி சந்தாசாகிபின் வஞ்சனையில் வீழ்ந்தார். மங்கம்மாள் மறைந்த முப்பதாண்டுகளில் விசுவநாதர் நாட்டிய அரசு இல்லாதொழிந்தது.

நண்பர்காள்! அவர் குழந்தைக்காகக் காத்த அரியணை இன்று இல்லை. முகம் அறியாத வழிப்போக்கனுக்காக அமைத்தவை நிற்கின்றன. குடும்பத்திற்கென வைத்தது குடும்பத்தோடு போயிற்று. ஊருக்கென ஈந்தது ஊரோடு வாழ்கிறது. கல்லூரியை விட்டுப் பொறுப்புகளை ஏற்கச் செல்லும் நாம் மங்கம்மாள் சாலையில் நடக்கும்போது இதனை மறவாதிருப்போமாக.