'மன்கட்' அவுட்டுக்குப் பெயர் தந்தவர் யார்? ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் வினூ மன்கட் சேர்ந்த கதை

பந்து கையை விட்டுப் போகும் முன்பே கிரீஸைத் தாண்டும் எதிர்முனை பேட்ஸ்மேனை பவுலர் ரன் அவுட் செய்தால், அதை 'மன்கட்' என்கிறார்கள். 2019 ஐபிஎல்லில் அஸ்வின் ஜோஸ் பட்லரை இப்படி அவுட் ஆக்கியபோது, சேப்பாக்கம் முதல் அரூர் வரை இதே பேச்சுதான். ஆனா, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் எப்பேர்ப்பட்ட வீரர் என்பது பலருக்குத் தெரியாது.

யார் இந்த மன்கட்?

1917-ல் குஜராத்தின் ஜாம்நகரில் பிறந்தவர். வலது கை பேட்ஸ்மேன், இடது கை சுழற்பந்து வீச்சாளர். 44 டெஸ்டில் 2,109 ரன், 162 விக்கெட். தொடக்க வீரராகவும் இறங்கினார், 11-வது ஆளாகவும் இறங்கினார்.

சர்ச்சை என்ன?

1947 டிசம்பர், சிட்னி டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை மன்கட் இப்படி ரன் அவுட் செய்தார். அதே பயணத்தில் முந்தைய ஆட்டம் ஒன்றில் எச்சரித்துவிட்டு, அப்புறம்தான் அவரை அவுட் செய்திருந்தார். விதிப்படி தவறே இல்லை. எதிரணி கேப்டன் பிராட்மேனே மன்கட்டுக்கு ஆதரவாக நின்றார். ஆனாலும் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது.

சென்னையில் செய்த சாதனை

1932-ல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய இந்தியாவுக்கு முதல் வெற்றி கிடைக்க 20 வருஷம் ஆச்சு. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வீழ்த்திய அந்த ஆட்டத்தில் மன்கட் எடுத்தது 12 விக்கெட். அதே ஆண்டு லார்ட்ஸில் 72, 184 ரன்களுடன் 5 விக்கெட். 1956-ல் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 231 ரன். பங்கஜ் ராயுடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413. அந்த உலக சாதனை 2008 வரை நின்றது.

தாமதமாக வந்த மரியாதை

ஐசிசி தன் நூற்றாண்டையொட்டி 2009-ல் ஹால் ஆஃப் ஃபேமைத் தொடங்கியது. முதல் பட்டியலில் 55 பேர். இந்தியர்கள் பேடி, கவாஸ்கர், கபில்தேவ் மட்டுமே. 1978-ல் காலமான மன்கட்டுக்கு 2021-ல்தான் இடம் கிடைத்தது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி சமயத்தில் சேர்க்கப்பட்ட 10 பேரில் அவரும் ஒருவர். இந்தப் பெருமையைப் பெற்ற 7-வது இந்தியர்.

2022-ல் இன்னொரு மாற்றமும் வந்தது. இந்த முறையை 'நியாயமற்ற ஆட்டம்' பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் விதியில் சேர்த்தது எம்சிசி. 1947-ல் மன்கட் செய்ததும் வெறும் ரன் அவுட்தான் என்பதை விதிப்புத்தகம் ஒப்புக்கொள்ள 75 வருஷம் ஆகியிருக்கு.