பேச வைத்த டாக்டர்

நம்ம நீலகிரி தோடர்களைப் பற்றி 1906-ல் தடிமனா ஒரு புத்தகம் எழுதினவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். முதல் உலகப் போரில் மனசு உடைஞ்ச அதிகாரிகளுக்கு எடின்பரோ பக்கம் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் சிகிச்சை கொடுத்தவரும் அவர்தான்.

தூக்கமின்மை, கெட்ட கனவு, நடுக்கம். மறந்துடுன்னுதான் மத்தவங்க சொன்னாங்க. சில மருத்துவமனைகளில் கரண்ட் ஷாக்! ரிவர்ஸ், நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமா நினைச்சுப் பேசச் சொன்னார், பொறுமையா கேட்டார். (அவருக்கே திக்குவாய்!) சிலருக்குத் தூக்கம் திரும்பிச்சு. பலிக்காத கேஸையும் மறைக்காம எழுதினார்.

சிக்கல் என்னன்னா, குணமானவங்களைத் திரும்பப் போர்முனைக்கு அனுப்புறதும் அவர் வேலை. அது அவரை உறுத்திச்சு. போரை எதிர்த்ததால் 1917-ல் அங்கே அனுப்பப்பட்ட கவிஞர் சசூனும் திரும்பப் போனார்.

ரிவர்ஸ் 1922-ல் இறந்தார். பின்னாடி தன் வாழ்க்கையை நாவலாக்கி, பலரோட பெயரை மாத்தின சசூன், ரிவர்ஸ் பெயரை அப்படியே விட்டார்.