ஜோர்ஜ் எல்லரி ஹேல்

ஜோர்ஜ் எல்லரி ஹேல் (ஜூன் 29, 1868 – பெப்ரவரி 21, 1938) ஓர் அமெரிக்க வானியலாளர் ஆவார். சூரியப் புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதை 1908 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். புவிக்கு அப்பால் காந்தப்புலம் ஒன்று கண்டறியப்பட்டது இதுவே முதல் முறையாகும்.

வாழ்க்கைக் குறிப்பு

ஹேல் சிக்காகோ நகரில் பிறந்தார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று 1890 இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, ஒரே அலைநீளத்தில் சூரியனைப் படம்பிடிக்கும் கருவியொன்றை உருவாக்கினார். 1892 ஜூலையில் இக்கருவி மூலம் சூரியப் புள்ளி ஒன்றின் மீது தோன்றிய பெரும் வெடிப்பைப் படம்பிடித்தார். மறுநாள் புவியில் காந்தப் புயல் ஏற்பட்டது. 1897 இல் திறக்கப்பட்ட யெர்க்சு வானாய்வகமும், 1904 இல் நிறுவப்பட்ட மவுண்ட் வில்சன் வானாய்வகமும் இவரது முயற்சியால் உருவானவை.

காந்தப்புலக் கண்டுபிடிப்பு

காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடுகள் பிளவுறும் என்பதை டச்சு இயற்பியலாளர் பீட்டர் சீமன் 1896 இல் கண்டறிந்திருந்தார். சூரியப் புள்ளிகளின் நிறமாலையிலும் இவ்விளைவு காணப்படுவதை ஹேல் நிறுவினார். அங்குள்ள புலத்தின் வலிமை ஏறத்தாழ 3,000 காவுசு. புவியின் புலமோ ஒரு காவுசுக்கும் குறைவு.

புள்ளிகளில் சுழலும் வளிமங்களே இப்புலத்தை உண்டாக்குகின்றன என ஹேல் கருதினார். ஆனால் அங்கு வளிமம் சுழலாமல் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை, ஜோன் எவர்செட் 1909 இல் கொடைக்கானல் வானாய்வகத்தில் கண்டறிந்தார். ஹேலின் அளவீடு நிலைத்தது, விளக்கம் நிலைக்கவில்லை.

1919 இல் ஹேலும் அவருடன் பணியாற்றியோரும் புள்ளிகளின் முனைவு விதியை வெளியிட்டனர். இணையாகத் தோன்றும் புள்ளிகள் எதிரெதிர் முனைவு கொண்டவை. அவற்றின் வரிசை வட, தென் அரைக்கோளங்களில் மாறுபட்டிருக்கும். ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகீழாகும். எனவே முழுச் சுழற்சி 22 ஆண்டுகள் ஆகும்.

சூரிய வெடிப்புகள்

உடல்நலக் குறைவால் 1923 இல் பணிப்பாளர் பதவியிலிருந்து விலகிய ஹேல், பசடீனாவில் சிறிய ஆய்வகம் அமைத்து வெடிப்புகளைக் கண்ணால் நேரடியாகக் காண உதவும் கருவியை உருவாக்கினார். வெடிப்புகளுக்கும் காந்தப் புயல்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1931 இல் கட்டுரை வெளியிட்டார்.

வெடிப்புகளின் ஆற்றல் காந்தப்புலத்திலிருந்தே வருகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. முறுக்கேறிய புலக்கோடுகள் அறுபட்டு மீண்டும் இணையும்போது, அவற்றில் சேமிக்கப்பட்ட ஆற்றல் வெப்பமாகவும் கதிர்வீச்சாகவும் துகள்களின் வேகமாகவும் வெளிப்படுகிறது. எதிர் முனைவுகள் நெருங்கிக் கலந்துள்ள புள்ளிக் கூட்டங்களிலேயே பெரும் வெடிப்புகள் மிகுதியாக நிகழ்கின்றன.

நினைவு

ஹேல் திட்டமிட்ட 200 அங்குலத் தொலைநோக்கி, அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1948 இல் பாலோமர் மலையில் திறக்கப்பட்டது. அது அவரது பெயராலேயே அழைக்கப்படுகிறது.