அயோத்திதாசப் பண்டிதரின் பூர்வ சமய மீட்பு: மதுரைவீரன் மறுப்பிலிருந்து சாக்கிய பௌத்தம் வரை

சோவியத் ஆட்சிக்குப் பின் துவா, புரியாத்தியா முதலிய பகுதிகளில் வாழும் துருக்கிய, மங்கோலிய இனத்தார் தம் மூதாதையரின் ஆவி வழிபாட்டை மீட்டெடுத்தமை சமய ஆய்வில் விரிவாகப் பேசப்படுகிறது. இழந்த சமயத்தை மீட்கும் முயற்சி தமிழகத்தில் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே நிகழ்ந்துள்ளது. ஆனால் அது சென்ற திசை வேறு.

1845 மே 20இல் காத்தவராயன் என்னும் பெயருடன் பிறந்தவர், தம் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். இவர்தம் பாட்டனார் கந்தப்பன், திருக்குறள் ஏட்டுச்சுவடியை எல்லிஸுக்குக் கிடைக்கச் செய்தவர் என்பது ஆய்வுலகம் அறிந்தது. நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் அத்வைதானந்த சபையை நிறுவினார். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். சித்த மருத்துவமே இவர்தம் வாழ்வுத் தொழில்.

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நிகழ்ந்ததே இவர் வாழ்வின் திருப்பம் எனலாம். சிவன், விட்டுணு கோயில்களில் தம் மக்களுக்கு நுழைவுரிமை கேட்டார். மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணசாமி ஆகியோரே அம்மக்களுக்குரிய தெய்வங்கள் என அவையில் மறுமொழி வந்தது. பேரையூர் உள்ளிட்ட மதுரை வட்டாரத்தில் கருப்பசாமி ஒரு சாதிக்குள் அடங்கியவர் அல்லர். அவர் பெயர் அன்று கோயிற்கதவை அடைக்கப் பயன்பட்டது. அத்தெய்வங்கள் தமக்கு வேண்டா என அயோத்திதாசர் அங்கேயே மறுத்தார்.

பெருந்தெய்வக் கோயிலில் இடமில்லை. பிறர் ஒதுக்கித் தந்த சிறுதெய்வமோ இழிவின் அடையாளமாயிற்று. இவ்விரண்டிற்கும் முந்திய சமயம் ஒன்றை அவர் தேடினார். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் உருவாயிற்று. கோலார் தங்கவயல் வரை கிளைகள் பரவின. 1907 ஜூன் 19இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ், அடுத்த ஆண்டு ‘தமிழன்’ ஆயிற்று.

இவ்விதழே மீட்பின் களம். தீபாவளியை எள்நெய் கண்டறிந்த நாளாகவும், கார்த்திகைத் தீபத்தை ஆமணக்கு நெய்யோடு தொடர்புடையதாகவும் விளக்கினார். வேப்பிலையோடு வணங்கப்படும் அம்மனை, அம்பிகை என்னும் பௌத்தப் பெண் துறவியாகக் கண்டார். சிறுதெய்வம் என்று ஒதுக்கப்பட்ட வழிபாட்டின் ஒரு பகுதி இவ்வாறு வேறு வரலாற்றோடு திரும்பி வந்தது. இவர்தம் சொற்பிறப்பு விளக்கங்கள் பல மொழியியல் நோக்கில் நிற்கத்தக்கன அல்ல. எனினும் அவற்றைப் பிழையென்று மட்டும் கணித்து ஒதுக்கும் ஆய்வு, நிகண்டு, செவிவழி மரபு, மருத்துவ அறிவு ஆகியவற்றை ஒருங்கே சான்றாக்கிய அவரது முறையியலைக் காணத் தவறுகிறது.

1914 மே 5இல் அயோத்திதாசர் மறைந்தார். அவருக்குப் பின்னும் ‘தமிழன்’ கோலார் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. எழுத்துகள் தொகுப்பாகப் பரவலான வாசிப்புக்கு வந்தது, ஞான. அலாய்சியஸின் பதிப்பு வழியாக, 1999இல்தான்.